ஒப்புக்குச் சப்பாணிக்கு அம்மா எழுதுவது

என் பிள்ளை டில்லிக்கு,

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையில் நடந்ததைச் சொல்லத்தான் உனக்குப் போன் போட்டேன். நான் "பாலம்" என்று வாயெடுத்ததுமே, "அந்த கேமைப் பத்தி மட்டும் பேசாதம்மா, தலைய வலிக்குது" என்று வைத்துவிட்டாய். சரி, பேசவில்லை. எழுதுகிறேன். எழுதினால் நீ பாதியில் வைக்க முடியாது. வைத்தாலும் மறுபடி எடுத்துப் படிப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா? தட்டில் பாகற்காயை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, எழுந்திருக்கும் முன் அதையும் தின்றுவிட்டுப் போகிற பிள்ளை நீ. இதில் மறைக்க ஒன்றும் இல்லை, உன்னோடு வேலை செய்த பிள்ளைகள் படித்தாலும் படிக்கட்டும். அவர்களுக்கும் ஊரில் அம்மா இருப்பாள், அவளுக்கும் என்னைப் போல வாய் இருக்கும், எழுதத்தான் நேரம் கிடைத்திருக்காது.

நீ முடிவெடுத்துவிட்டதாகச் சொன்னாய். அந்தப் பெரிய கேம்ஸ் கம்பெனிக்கு ராஜினாமா கொடுத்தாயிற்று. அடுத்த மாதம் பெங்களூரிலேயே, பேங்குகளுக்கு ஆப் செய்து தருகிற கம்பெனி ஒன்றில் சேரப்போகிறாய். நடுவில் நாலு நாள் திருவொற்றியூர் வருகிறாய். எல்லாம் நல்ல செய்திதான். ஆனால் கடைசியில் ஒன்று சொன்னாய் பார், "கடைப் பக்கம் வரமாட்டேம்மா, நேரா வூட்டுக்கு வந்துடுவேன். பசங்க மூஞ்சில எப்டி முழிக்கறது?" என்று. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நடக்கப் பழகியதே அந்தக் கடை பெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான், அந்தக் கடைக்குள் வர உனக்கு வெட்கமாம். பேங்க் வேலைக்குப் போவது உன் இஷ்டம். தலைகுனிந்துகொண்டு போவதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்த கதையைத்தான் முதலில் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள். என் தம்பி பர்மா பஜாரில் வேலை பார்த்தபோது இரண்டு பழைய கேம்ஸ் பெட்டிகளைக் கொண்டுவந்து கொடுத்தான். நெடுஞ்சாலையிலிருந்து கடலுக்குப் போகிற நம் சந்தில் ஓர் அறையைப் பிடித்து, இரண்டு டிவி வைத்து, அரை மணி நேரத்துக்கு இவ்வளவு என்று அட்டையில் எழுதிக் கடையைத் திறந்தேன். பொம்பளை நடத்துகிற கேம்ஸ் கடை என்று ஊரே சிரித்தது. சிரித்தவர்கள் பிள்ளைகளெல்லாம் சாயங்காலம் என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கெட்ட வார்த்தை பேசினால் வெளியே, பள்ளிக்கூட நேரத்தில் வந்தால் வெளியே, ஆட்டம் நடுவில் ஹேங் ஆகி நின்றுவிட்டால் அந்த நேரம் கணக்கில் கிடையாது, முதலிலிருந்து ஆடிக்கொள்ளலாம். இவ்வளவுதான் கடையின் சட்டம். கடைசிச் சட்டம் நீ பிறந்த பிறகு வந்தது. பெட்டி என்னுடையது, அது நின்றால் தப்பும் என்னுடையது என்று எனக்குத் தோன்றியது.

உனக்கு ஐந்து வயதிருக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்கு வந்துவிடுவாய். உன் நைனா எண்ணூர்ப் பக்கம் வெல்டிங் கான்ட்ராக்டில் இருந்தார், வீட்டில் உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. கடையிலோ எல்லா ஜாய்ஸ்டிக்கும் காசு கொடுத்த பிள்ளைகளின் கையில். நீ என் புடவையைப் பிடித்து இழுத்து ராகம் போட்டு அழுவாய். அதற்காக ஒயர் அறுந்துபோன ஒரு ஜாய்ஸ்டிக்கை உன் கையில் கொடுத்து, அறுந்த நுனியை டிவிக்குப் பின்னால் செருகிவிட்டு, "ஆட்றா ராஜா, அந்த சேப்பு சட்டக்காரன் நீதான்" என்றேன். நீயும் நாக்கைத் துருத்திக்கொண்டு, பட்டனை உடைக்கிற மாதிரி அமுக்கிக்கொண்டு ஆடினாய். தெருவில் கண்ணாமூச்சி ஆடும்போது அழுகிற சின்னப் பிள்ளையையும் சேர்த்துக்கொள்வார்கள் அல்லவா? அவன் ஓடலாம், கத்தலாம். அவன் அவுட்டும் கிடையாது, அவன் தொட்டால் யாரும் அவுட்டும் கிடையாது. ஒப்புக்குச் சப்பாணி. கேட்க நல்ல சொல் இல்லைதான், ஆனால் எங்கள் தெருவில் அதற்கு வேறு சொல் இருந்ததில்லை. நம் கடையின் ஒப்புக்குச் சப்பாணி நீ. யூசுப் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தான், அவனுக்கும் தெரியும். எல்லாப் பையன்களுக்கும் தெரியும். "சூப்பரா தாண்டினடா டில்லி" என்று உன் முதுகில் தட்டுவார்களே தவிர, ஒருவனும் காட்டிக்கொடுக்கவில்லை.

பிறகு ஒரு நாள் நீ ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்து நின்றாய். "ம்மா, நான் பட்டன அமுக்காமயே அவன் தாவறான். நான் அமுக்கனா தாவ மாட்டேங்கறான். இதுல இன்னாவோ தப்பு கீது." அழவில்லை, கோபப்படவில்லை. டாக்டர் சொல்வது போல நிதானமாகச் சொன்னாய். சொல்லிவிட்டு டிவிக்குப் பின்னால் நுழைந்து, ஒட்டடையோடு அந்த அறுந்த நுனியை இழுத்து வந்து என் கையில் கொடுத்தாய். யூசுப் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். உன் நைனா வந்ததும் அந்த ஒயரைப் பற்றவைத்துக் கொடுத்தார். மறுநாள் உனக்கென்று ஒரு நேரம் ஒதுக்கி, உன் கண் முன்னாலேயே மாட்டினேன். நீ முதன்முதலில் கண்டுபிடித்த கோளாறு உன் அம்மா செய்தது. நீ சொன்னாய், நான் ஒயரை மாட்டினேன். நடுவில் மீட்டிங் கிடையாது, தேதி கிடையாது. இன்றைக்கு அதை நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது, உன்னை நினைத்தும் கொஞ்சம் என்னை நினைத்தும்.

அதன் பிறகு நீ எனக்குக் கொடுத்ததை எல்லாம் சொன்னால் உனக்கே கூச்சமாக இருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். ஐந்தாவதோடு நின்றவள் நான். ஸ்டார்ட், கன்டின்யூ, கேம் ஓவர் என்று டிவியைக் காட்டிக் காட்டி, எழுத்தெழுத்தாக இங்கிலீஷ் படிக்கச் சொல்லிக்கொடுத்தவன் நீ. இன்றைக்கும் பஸ் போர்டாக இருந்தாலும் மருந்துச் சீட்டாக இருந்தாலும் அப்படித்தான் கூட்டிப் படிக்கிறேன். அப்புறம் அந்த நாய். கார் ஆட்டம் ஒன்று இருந்ததே, எல்லாப் பையன்களும் முதலில் வருவதற்காகப் பறந்துகொண்டிருக்க, நீ மட்டும் வண்டியைத் திருப்பி எதிர்ப்பக்கம் ஓட்டுவாய். "இவன் கூட ஆடறதே பேஜாரு" என்று யூசுப் தலையில் அடித்துக்கொள்வான். அப்படிப் போய்ப் போய், ஊர் முடிகிற இடத்தில், ஒரு பழைய பெட்ரோல் பங்குக்குப் பின்னால் ஒரு நாய் கட்டியிருப்பதைக் கண்டுபிடித்தாய். ஹாரன் அடித்தால் அது எழுந்து நின்று வாலாட்டும். அவ்வளவுதான். அதனால் பாயின்ட் கிடையாது, பரிசு கிடையாது. "ம்மா, யாருமே வராத எடத்துல இத்த எதுக்கும்மா கட்டி வெச்சிக்கிறாங்க?" என்று கேட்டாய். "உன்ன மாதிரி ஒர்த்தன் வருவான்னுதான்" என்றேன். எந்த ஊர்க்காரனோ, எந்தப் பாஷைக்காரனோ, நமக்காக மெனக்கெட்டு அந்த மூலையில் ஒரு நாயைக் கட்டிவைத்திருந்தான். கேம்ஸ் கம்பெனியில்தான் வேலைக்குப் போவேன் என்று நீ அடம்பிடிக்க ஆரம்பித்தது அந்த நாயால்தான் என்று எனக்குத் தெரியும். அந்த மனிதனுக்கு இன்றுவரை மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த ஆட்டம் நம்மிடம் இருந்தது காப்பி அடித்த டிஸ்க்தான் என்பதை நினைத்தால் கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

அந்த வெட்கத்தில்தானே பிற்பாடு எல்லாவற்றையும் அசலாக வாங்க ஆரம்பித்தேன். வாங்கி என்ன கண்டேன் என்கிறாய்? காப்பி டிஸ்க்கில் ஆட்டம் முழுசாக இருந்தது. காசு கொடுத்து வாங்குகிற டிஸ்க்கில் ஆட்டத்தையே காணோம். உள்ளே போட்டால், மீதியை நெட்டில் இறக்கிக்கொள் என்கிறது. இறக்கி முடிப்பதற்குள் ஆட வந்த பையன் வீட்டுப்பாடம் எழுதி முடித்துவிடுகிறான். அப்புறம் திருத்தம் என்று ஒன்று இறங்குகிறது, திருத்தத்துக்கு ஒரு திருத்தம் இறங்குகிறது. அரைவேக்காட்டுச் சோற்றைப் பரிமாறிவிட்டு, சாப்பிடச் சாப்பிட வெந்துவிடும் என்றால் நம் ஊர் பிரியாணிக் கடையில் சும்மா விடுவார்களா, அண்டாவைக் கவிழ்த்துவிட மாட்டார்களா? கால்பந்து ஆட்டத்தை எடுத்துக்கொள். வருஷா வருஷம் சட்டையை மட்டும் மாற்றிப் புதுசு என்று விற்கிறார்கள். பழையதை நெட்டில் ஆட முடியாமல் கதவைச் சாத்திவிடுகிறார்கள். ஆட்டத்துக்குள்ளேயே பெட்டி பெட்டியாக வேறு விற்கிறார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்தால்தான் தெரியும். பொட்டிக்கடையில் அட்டையில் சீட்டுக் கிழிப்போமே, பலூன் விழுமா ஊதல் விழுமா என்று, அதே வேலைதான். அந்தக் கடைக்காரராவது, "உனக்கு ஒண்ணும் உழலியா, இந்தா" என்று ஒரு மிட்டாயைக் கொடுத்து அனுப்புவார். இன்றைக்கு அந்த நாயைப் பார்க்க வேண்டுமென்றால் அதைத் தனியாக விலைக்கு வாங்க வேண்டியிருக்கும். என் கடைப் பையன்கள் கத்துவது சும்மா இல்லை, டில்லி. ஆசையாக வந்தவனை ஏமாற்றினால் அவன் கத்தத்தான் செய்வான்.

இத்தனை கத்தலுக்கு நடுவில்தான் நீ அந்தப் பெரிய கம்பெனியில் சேர்ந்தாய். என்ன வேலை என்று கேட்டதற்கு, "ஆட்டத்துக்குள்ள போயி ஒவ்வொரு செவுரா முட்டிப் பாக்கணும்மா, எங்கியாவது ஓட்ட கீதான்னு" என்றாய். சம்பளம் கொடுத்துச் சுவரில் முட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று நானும் உன் நைனாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்கம்பக்கத்தில், "கேம்ஸ் கம்பெனில ஆபீசரு" என்று சொல்லிவைத்தேன். அப்புறம்தான் அந்தப் பாலம் வந்தது. ஊர் வெள்ளத்தில் மூழ்குகிறது, இரண்டு பேர் தப்பிப் போக வேண்டும், கடைசியில் ஒரு பாலம், இரண்டு பேரும் ஒரே கயிற்றைப் பிடித்துத் தாண்ட வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து ஆடும்போது பாதிப் பாலத்தில் ஆட்டம் அப்படியே உறைந்துவிடுகிறது என்று நீ கண்டுபிடித்தாய். எழுதிக் கொடுத்தாய். மறுபடியும் எழுதிக் கொடுத்தாய். மேலே இருக்கிறவர்கள், "தெரியும், வெளியிடுகிற தேதியைச் சொல்லியாச்சு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று மூடிவைத்தார்கள். ஆட்டம் வெளியே வந்தது, பாலத்தில் நின்றது, உலகம் முழுக்கத் திட்டினார்கள். திட்டியவர்கள் மேலே இருக்கிறவர்களைத் திட்டவில்லை. டெஸ்ட் செய்தவன் தூங்கிக்கொண்டிருந்தானா என்று உன்னைத் திட்டினார்கள்.

அன்றைக்கு நீ போனில் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். "நான் அங்க ஒப்புக்குச் சப்பாணிதாம்மா. கையில ஜாய்ஸ்டிக் கீது. ஒயர்தான் இல்ல." சொல்லிவிட்டுச் சிரித்தாய். ஐந்து வயதில் அழாமல் வந்து சொன்ன பிள்ளை, இத்தனை வருஷம் கழித்து அதே ஒயரை இழுத்துக் காட்டுகிறான், மாட்டத்தான் அங்கே ஆள் இல்லை. "அந்த கேமை மட்டும் கடையில போடாதம்மா" என்று சொல்லித்தான் வைத்தாய். நான் வாங்கிவிட்டேன். ஆட்டம் முடிந்ததும் கடைசியில் பெயரெல்லாம் ஓடுமே, அதில் உன் பெயர் வரும் என்று நீதானே எப்போதோ சொன்னாய்? என் பிள்ளை பெயர் என் கடை டிவியில் ஓடுவதைப் பார்க்காமல் நான் எதற்குக் கடை வைத்திருக்கிறேன்?

வாங்கினேனே தவிர, பெயரைப் பார்க்க முடியவில்லை. பாலம் தாண்டினால்தானே பெயர் வரும்? பையன்கள் இரண்டு இரண்டு பேராக ஆடினார்கள், ஒவ்வொரு ஜோடியும் பாதிப் பாலத்தில் போய் நின்றது. கடைச் சட்டப்படி நேரத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். தனியாளாக ஆட அந்த ஆட்டத்தில் வழியே இல்லை. திருத்தம் ஒன்று அனுப்பினார்கள். இறக்கிப் பார்த்தால் மழை முன்னைவிட அழகாகப் பெய்தது, ஆட்டத்துக்குள் இருக்கிற கடையில் புதுச் சட்டைகள் விற்பனைக்கு வந்திருந்தன, பாலம் பழையபடிதான் இருந்தது. உன்னிடம் கேட்டால் நீ நொந்துபோவாய் என்று கேட்கவும் இல்லை. உன் ஆட்டம் அது என்று யாரிடமும் சொல்லவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை யூசுப் வந்தான். அவன் இப்போது கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறான், உனக்குத் தெரியும். துறைமுகத்துக்குள் போக வண்டிகள் வரிசையில் நின்றால், கிளீனரை உட்கார வைத்துவிட்டு நம் கடைக்கு வந்துவிடுவான். தொப்பை வந்துவிட்டது, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன், ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தால் அதே எட்டாங்கிளாஸ் யூசுப்தான். ஒரு பையனோடு சேர்ந்து பாலம்வரை ஆடினான். பாதிப் பாலத்தில் படம் உறைந்தது. யூசுப் ஜாய்ஸ்டிக்கை மடியில் போட்டுவிட்டு, "இன்னா கலீஜு கேமுடா இது! இத்த செக் பண்ணவன் எவன்டா, தூங்கிக்கினு இருந்தானா?" என்றான். நெட்டில் யாரோ எழுதினால் போகட்டும் என்று விடலாம். என் கடையில், என் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு யூசுப் சொன்னதும் என் வாய் நிற்கவில்லை.

"டேய், அத்த செக் பண்ணவன் என் புள்ளடா" என்றேன்.

"யாரு, நம்ம டில்லியா?"

"நம்ம டில்லிதான். இந்தப் பாலத்துல ஹேங் ஆவுதுன்னு மொதல்ல சொன்னதே அவன்தான். எத்தினி தபா எழுதிக் குடுத்தான் தெர்யுமா? தேதி சொல்லிட்டோம், அப்பறம் பாத்துக்கலாம்னு உட்டுட்டானுங்க. இப்ப ஊரே அவனத் திட்டுது. கடைக்கே வரமாட்டேன்றான்டா, உங்க மூஞ்சில முழிக்க வெக்கமாம்."

யூசுப் தலையைச் சொறிந்தான். "மன்னிச்சிக்கக்கா. தெரியாம பேசிட்டேன்" என்றான். டிவியைக் கை காட்டி, "அவன் கரெக்டாத்தான் ஆடிக்கிறான். அவன் ஒயரத்தான் புடுங்கி உட்டுக்கிறானுங்க" என்றான். நீ போனில் சொன்னது அவனுக்குத் தெரியாது, டில்லி. நான் யாரிடமும் சொல்லவில்லை. அவனாகவே சொன்னான். அப்புறம், "கடைசில அவன் பேரு வருமாக்கா?" என்று கேட்டான். வரும் என்றேன். "அப்ப தாண்டியே ஆவணும். வா, ரெண்டாவது ஆளா நீயே புடி. உம் புள்ள கேமு."

நான் ஆடுகிற லட்சணம்தான் உனக்குத் தெரியுமே. சுவரில் முட்டினேன், தண்ணீரில் விழுந்தேன், யூசுப்பையே ஒரு தரம் மாடியிலிருந்து தள்ளிவிட்டேன். "நீ எங்கள காப்பாத்த வந்தியா கொல்ல வந்தியா?" என்று பையன்கள் சிரித்தார்கள். ஒருவழியாகப் பாலத்துக்குப் போனோம். நின்றது. திரும்பப் போனோம். நின்றது. வெளியே கிளீனர் ஹாரன் அடித்துக் கூப்பிட ஆரம்பித்துவிட்டான், வரிசை நகர்கிறது. "இன்னொரு தபாக்கா, இதான் லாஸ்டு" என்றான் யூசுப். பாலத்தில் கால் வைக்கும்போதுதான் உன் குரல் எனக்குள் கேட்டது. கையில ஜாய்ஸ்டிக் கீது, ஒயர்தான் இல்ல. இரண்டு ஜாய்ஸ்டிக்கும் ஒரே நேரத்தில் கயிற்றைப் பிடிப்பதுதானே அதற்குப் பிடிக்கவில்லை? கடை ஜாய்ஸ்டிக்கில் பேட்டரி செத்துப்போய் எத்தனையோ காலம், ஒயர் இல்லாவிட்டால் அது வெறும் பிளாஸ்டிக். ஒயரைப் பிடுங்கிவிட்டேன்.

"இன்னாக்கா பண்ற?" என்று யூசுப் அலறினான்.

"ஒப்புக்குச் சப்பாணி. நீ போயிக்கினே இரு" என்றேன்.

இரண்டாவது ஆளைக் காணவில்லை என்று டிவியில் எழுத்து வந்தது. என்னுடைய நீலச்சட்டைக்காரி ஒரு நிமிடம் திருதிருவென்று நின்றாள். பிறகு அவளாகவே கயிற்றைப் பிடித்து நடக்க ஆரம்பித்தாள், இயந்திரமே அவளை ஓட்டியது. நான் செத்துப்போன ஜாய்ஸ்டிக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எல்லாப் பட்டனையும் அமுக்கிக்கொண்டே இருந்தேன், நீ அமுக்கியது போல. பாதிப் பாலம் வந்தது, போனது. அக்கரை வந்தது. கடையில் எழும்பிய கூச்சலில் எதிர்வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்.

பெயர்கள் ஓட ஆரம்பித்தன. யூசுப்பின் கட்டைவிரல் பழக்கத்தில் பட்டனுக்குப் போயிற்று, ஓட்டிவிடத்தான். "கைய எட்றா" என்று போட்டேன் ஓர் அடி. முதலில் பெரியவர்கள் பெயர், பெரிய எழுத்தில், ஒவ்வொன்றாக, ஆற அமர. தேதி குறித்தவர்கள் அவர்கள்தான் போலிருக்கிறது. பிறகு படம் வரைந்தவர்கள், பாட்டுப் போட்டவர்கள், தண்ணீரை ஓட விட்டவர்கள், எந்தெந்த ஊர்க்காரர்களோ, பத்தி பத்தியாக. அதைப் பார்க்கப் பார்க்க என் கோபம் இறங்கியது. அந்தக் கூட்டத்திலும் யாராவது ஒருவர் எங்காவது மூலையில் ஒரு நாயைக் கட்டி வைத்திருப்பார், நாம்தான் பாலத்திலேயே நின்றுவிட்டதால் பார்க்கவில்லை. கிளீனர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான். யூசுப் எழுந்திருக்கவில்லை. கடைசியில், எல்லாரும் போன பிறகு, பொடி எழுத்தில், வேகமாக, நீங்கள் வந்தீர்கள். சுவரில் முட்டியவர்கள். "அதோ! அக்கா, அதோ!" என்று பையன்கள் கத்தினார்கள். நான் டி, ஐ, எல் என்று கூட்டுவதற்குள் நீ மேலே போய்விட்டாய்.

எனக்கு அழுகை வந்துவிட்டது, வந்ததைச் சொல்வதில் என்ன? "இன்னொரு தபா ஆடலாம்க்கா, நிறுத்தி போட்டோ புடிச்சிக்கலாம்" என்றான் யூசுப். வேண்டாம் என்றுவிட்டேன். "அவன் வர்றான் இல்ல, அவன் காட்டட்டும்" என்றேன். "வந்தா எனக்கு ஒரு போன் போடு, வண்டிய ஓரங்கட்டிட்டு வரேன். அவனாண்ட நேர்ல மன்னிப்பு கேக்கணும்" என்று சொல்லிவிட்டுத்தான் ஓடினான். உன் முகத்தில் விழிக்க வெட்கப்படுகிறவன் அவன்தான். பையன்களோ, ஒயரைப் பிடுங்கினால் பாலம் தாண்டலாம் என்று தொண்டையார்பேட்டை வரைக்கும் சொல்லிவைத்துவிட்டார்கள். டில்லி அண்ணன் கண்டுபிடித்த கோளாறு என்றும் சேர்த்தே சொல்கிறார்கள்.

உனக்கு நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன், எங்கெங்கோ போய்விட்டேன். எழுதிக் கொடுத்தால் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்தும் திரும்பத் திரும்ப எழுதிக் கொடுத்தாய் பார், அதற்கு நன்றி. முகம் தெரியாத யாரோ ஒரு பையன் பாலத்தில் நின்றுவிடுவானே என்று கவலைப்பட்டாய், அதற்கு நன்றி. ஐந்து வயதில் என் பொய்யை என் கையில் கொடுத்துவிட்டு, மறுநாள் எதுவும் நடக்காதது போல என் மடியில் உட்கார்ந்து ஆடினாய், அதற்கும் நன்றி. உன்னைப் பெற்றதும் இந்தக் கடையைத் திறந்ததும்தான் நான் சிரித்துக்கொண்டே செய்த காரியங்கள். பேங்க் ஆப்பில் கோளாறு சொன்னால் அங்கே கேட்கிறார்கள் என்றால் தாராளமாகப் போ, சந்தோஷமாகப் போ. அங்கும் எதிர்ப்பக்கம் வண்டி ஓட்டிப் பார்ப்பாய், எனக்குத் தெரியும். கேம்ஸில் வேறு எங்காவது, சின்ன இடமாக இருந்தாலும் காது கொடுத்துக் கேட்கிற இடமாக அமைந்தால், அதையும் ஒரு தரம் யோசி. எதுவானாலும் என் பிள்ளை நிமிர்ந்து போக வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

ஸ்டேஷனிலிருந்து நேரே கடைக்கு வா. பாலத்தில் நான் ஒப்புக்குச் சப்பாணியாக நிற்கிறேன், நீ முன்னால் போய் என்னைக் கரைசேர்த்து, உன் பெயர் வரும்போது நிறுத்திக் காட்டு, நான் கூட்டிப் படிக்க வேண்டும். உன் ஜாய்ஸ்டிக்கைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். சந்தேகமாக இருந்தால் டிவிக்குப் பின்னால் போய் நீயே பார்த்துக்கொள், ஒயர் மாட்டித்தான் இருக்கிறது.

உன் அம்மா